டிக்கெட் விலையில் சேராத ஏழு நிமிடம்

டாம் அண்ட் ஜெர்ரியின் பழைய படங்களைத் தொடர்ந்து பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். ஏறக்குறைய எல்லாமே ஏழெட்டு நிமிடத்தில் முடிந்துவிடும். பக்ஸ் பன்னி படங்களும் அப்படித்தான், பாப்பாய் படங்களும் அப்படித்தான். விளம்பரங்களுக்கு நடுவே பொருந்தட்டும் என்று டிவிக்காரர்கள் வைத்த அளவு அது என்று நானும் வெகுநாள் நம்பியிருந்தேன். விஷயம் வேறு. இந்தப் படங்கள் வரத் தொடங்கியபோது அமெரிக்க வீடுகளில் டிவியே கிடையாது. இவை சினிமாத் தியேட்டருக்காக எடுக்கப்பட்டவை. பெரிய திரையில், பெரியவர்களும் பிள்ளைகளும் கலந்து உட்கார்ந்திருந்த கூட்டத்துக்கு முன்னால் ஓடியவை.

1930களில் அமெரிக்காவில் ஒருவர் டிக்கெட் வாங்கிக்கொண்டு தியேட்டருக்குள் போனால், பெரும்பாலும் ஒரு படத்தை மட்டும் பார்த்துவிட்டு வெளியே வரமாட்டார். நியூஸ்ரீல் என்ற செய்திப் படம் ஓடும். சிறு நகைச்சுவைப் படம் ஒன்று, ஏதாவது ஓர் ஊரைச் சுற்றிக் காட்டும் படம், வரப்போகும் படங்களின் டிரைலர், ஒரு கார்ட்டூன், அப்புறம் மெயின் படம். நம் ஊர் தியேட்டர்களிலும் மெயின் படத்துக்கு முன்னால் பிலிம்ஸ் டிவிஷனின் நியூஸ்ரீல் ஓடிய காலம் ஒன்று இருந்தது. வயதில் மூத்தவர்களுக்கு அந்தக் கறுப்பு வெள்ளை வெள்ள நிவாரணமும் அணைத் திறப்பும் நினைவிருக்கும். இங்கே அதைப் போட வைத்தது அரசாங்கம். அங்கே கார்ட்டூனைப் போட வைத்தது ஸ்டுடியோ.

எப்படி என்றால், எம்.ஜி.எம்., பாரமவுண்ட், வார்னர் போன்ற பெரிய ஸ்டுடியோக்கள் படம் எடுத்ததோடு நிற்கவில்லை. விநியோகமும் அவர்களிடம், முக்கிய நகரங்களின் நல்ல தியேட்டர்களும் அவர்களிடம். சொந்தத் தியேட்டர் இல்லாத ஊர்களில், அன்றைய பெரிய நட்சத்திரம் கிளார்க் கேபிள் நடித்த படம் வேண்டுமானால் அதோடு சுமாரான நாலைந்து படங்களையும் ஒரு வருடத்துக்கான குறும்படக் கட்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தியேட்டர்காரரிடம் சொல்லிவிடுவார்கள். அந்தக் கட்டுக்குள் வைக்கக் கார்ட்டூன் தேவைப்பட்டது. பாரமவுண்டுக்கு ஃப்ளைஷர் சகோதரர்கள், வார்னருக்கு லியோன் ஷ்லெசிங்கர், யூனிவர்சலுக்கு வால்டர் லான்ட்ஸ், ஃபாக்ஸுக்குப் பால் டெர்ரி என்று ஆளாளுக்கு ஒரு கார்ட்டூன் பட்டறை கிடைத்தது.

இதன் விளைவுதான் எனக்கு இந்த வரலாற்றில் மிக முக்கியமாகப் படுகிறது. கார்ட்டூனைப் பார்க்கவென்று டிக்கெட் வாங்கியவர்கள் அநேகமாக யாரும் இல்லை. மிக்கி மவுஸுக்கு உச்சத்தில் அந்தக் கவர்ச்சி இருந்தது, மற்றவற்றுக்கு அநேகமாகக் கிடையாது. கார்ட்டூன் நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் தியேட்டரிலிருந்து வரும் வாடகையில் பெரிய மாற்றம் இருக்காது. அதனால் செலவுக்கு ஒரு கறாரான வரம்பு வைத்தார்கள். ஆனால் அந்த வரம்புக்குள் என்ன வரைகிறார்கள் என்று மேலிடத்தில் அவ்வளவாக யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பணம் குறைவு, கவனிப்பு குறைவு, ஆனால் விற்பனை நிச்சயம். ஒரு கலைஞனுக்கு இப்படியொரு நிலைமை அபூர்வமாகத்தான் வாய்க்கும்.

கொஞ்சம் பின்னால் போவோம். 1914இல் பத்திரிகை ஓவியர் வின்சர் மெக்கே, கெர்ட்டி என்ற டைனோசரைத் திரையில் நடமாடவிட்டார். மேடையில் அவரே நின்றுகொண்டு திரையைப் பார்த்துக் கட்டளையிடுவார், கெர்ட்டி கேட்கும், முரண்டு பிடிக்கும், அழும். அவர் ஆப்பிளை வீசுவதுபோல் பாவனை செய்ய, திரையில் அது வாயால் பிடித்துக்கொள்ளும். அதற்காக ஆயிரக்கணக்கான தாள்களில் டைனோசரை மட்டும் வரைந்தால் போதவில்லை. பின்னாலிருக்கும் பாறையையும் மரத்தையும் ஒவ்வொரு தாளிலும் மறுபடி வரைய வேண்டியிருந்தது. ஓர் உதவியாளர் அதை மட்டுமே செய்துகொண்டிருந்தார். அதே காலத்தில் ஏர்ல் ஹர்ட் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்துக் காப்புரிமை வாங்கினார். பாத்திரத்தைக் கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும் செல்லுலாய்டு தாளில் வரை, பின்னணியை ஒரே ஒரு தடவை வரைந்து அதற்கு அடியில் வை. நகரும் பகுதியை மட்டும் மாற்றினால் போதும். கேட்டால் சின்ன விஷயம்போலத் தோன்றும். கார்ட்டூன் தனிமனித வித்தையாக இருந்தது போய்ப் பட்டறைத் தொழிலானது இந்தத் தாளால்தான்.

நியூயார்க்கில் மாக்ஸ் ஃப்ளைஷர் வேறொரு கருவியோடு வந்தார். தம்பி டேவுக்குக் கோமாளி வேஷம் போட்டு ஆட வைத்துப் படம் பிடித்து, அந்தப் படத்தை ஒவ்வொரு ஃபிரேமாகக் கண்ணாடியில் பாய்ச்சி அதன்மேல் வரைந்தார். மைப்புட்டியிலிருந்து குதித்து வெளியே வரும் கோமாளி அப்படிப் பிறந்தான். 1919இல் ஃபெலிக்ஸ் என்ற கறுப்புப் பூனை வந்தது. அதை உருவாக்கி உயிர் கொடுத்தவர் ஓட்டோ மெஸ்மர், பெயர் போட்டுக்கொண்டவர் ஸ்டுடியோ முதலாளி பாட் சல்லிவன். ஃபெலிக்ஸ் தன் வாலைக் கழற்றிக் கைத்தடியாக்கும், கேள்விக்குறியாக்கும். மௌனப் பட உலகில் அதற்கு நிகரில்லை. பேசும் படம் வந்ததும் சல்லிவன் தயங்கினார், ஃபெலிக்ஸ் மங்கிப்போனது.

தயங்காதவர் வால்ட் டிஸ்னி. 1928இல், ஆஸ்வால்டு என்ற முயலை அவரிடமிருந்து விநியோகஸ்தர் பறித்துக்கொண்டார், உரிமை யூனிவர்சலின் பெயரில் இருந்ததால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஊழியர்களில் பெரும்பாலோரும் அங்கே போய்விட்டார்கள். கூடவே நின்ற ஓவியர் அப் ஐவர்க்ஸோடு சேர்ந்து உருவாக்கியதுதான் மிக்கி. ‘ஸ்டீம்போட் வில்லி’ 1928 நவம்பர் 18இல் நியூயார்க்கின் காலனி தியேட்டரில் ஓடியது. அதுதான் முதல் ஒலிக் கார்ட்டூன் என்று பலரும் எழுதுகிறார்கள், அது தவறு. ஃப்ளைஷர் சகோதரர்கள் அதற்குச் சில வருடங்களுக்கு முன்பே ஒலியோடு பாட்டுக் கார்ட்டூன்கள் போட்டிருந்தார்கள். டிஸ்னி செய்தது வேறு. வரைவதற்கு முன்பே இசையையும் அசைவையும் ஒரே கணக்கில் கட்டிவிட்டார்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிற்காலக் கார்ட்டூன்களின் உயிர்நாடி இதுதான். ஒலிப் படத்தில் நொடிக்கு 24 ஃபிரேம். இந்த வேகம் மாறாது. அப்படியானால் 12 ஃபிரேமுக்கு ஒரு தட்டு என்று வைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு 120 தட்டு. 8 ஃபிரேமுக்கு ஒன்று என்றால் 180. நம் தாளக் கணக்குப் பழகியவர்களுக்கு இது உடனே பிடிபடும்: காலப்பிரமாணம் முன்பே நிச்சயமாகிவிட்டது, அதற்குள் எந்த நடையில் வேண்டுமானாலும் போகலாம். மிக்கி ஒரு தட்டுக்கு ஓர் அடி வைக்கிறான் என்றால் ஓவியருக்கு எத்தனை படம் வரைய வேண்டும் என்பது தெரியும், இசையமைப்பாளருக்கு எங்கே தாளம் விழும் என்பதும் தெரியும். இருவரும் வேறு வேறு ஊரில் உட்கார்ந்து வேலை செய்தாலும் கடைசியில் ஒட்டிக்கொள்ளும். டிஸ்னியிடம் இருந்த வில்ஃபிரட் ஜாக்சன் என்ற இளைஞர் சீராகத் தட்டிக் காலப்பிரமாணம் காட்டும் மெட்ரோனோம் கருவியை வைத்து இந்த வழியைச் சொல்லிக்கொடுத்தார். ஒலிப்பதிவின்போது முதல் முயற்சி ஒட்டவில்லை. பிறகு ஆர்க்கெஸ்ட்ராவை நடத்துபவர் பார்த்துத் தாளம் பிடிக்கத் திரையிலேயே துள்ளும் பந்து ஒன்றை அச்சிட்டுப் பதிவு செய்தார்கள்.

அடுத்த பத்து வருடம் டிஸ்னியுடையது. 1932இல் ‘ஃபிளவர்ஸ் அண்ட் ட்ரீஸ்’ படத்தில் மூன்று நிற டெக்னிகலர் என்ற வண்ணப் பட முறையைக் கொண்டுவந்தார். கார்ட்டூனுக்கு அந்த முறையைச் சில வருடம் வேறு யாரும் தொடமுடியாதபடி ஒப்பந்தமும் போட்டுக்கொண்டார். அந்த வருடம் தொடங்கிய கார்ட்டூன் ஆஸ்கார் அவருக்கே போனது. முதல் எட்டு விருதுகளும் அவருக்கேதான். ஆனால் அவருடைய கண் முழுநீளப் படத்தின்மேல் இருந்தது. மழையையும் பழைய ஆலை ஒன்றின் இருட்டையும் ஆழத்தோடு காட்ட, அடுக்கடுக்கான கண்ணாடிகளை மேலிருந்து படம் பிடிக்கும் கேமராவை 1937இல் ஒரு குறும்படத்தில் முயன்று பார்த்தார். அந்த வருடக் கடைசியிலேயே ‘ஸ்னோ ஒயிட்’ வந்துவிட்டது. குறும்படம் அவருக்குப் பயிற்சிக் களமாக இருந்தது என்று சொன்னால் தப்பில்லை.

டிஸ்னியின் செலவோடு மற்றவர்கள் போட்டி போட முடியாது. அவர்கள் வேறு பாதை தேட வேண்டியிருந்தது. என் மனசுக்கு நெருக்கமான கார்ட்டூன்கள் எல்லாம் அந்தப் பாதையில் வந்தவைதான்.

வார்னரின் ஹாலிவுட் வளாகத்தில் ஒரு பழைய மரக் கட்டடம். கரையான் அரித்ததால் அதற்குக் கரையான் மாடி என்று ஓவியர்களே பெயர் வைத்தார்கள். 1935இல் டெக்ஸ் ஏவரி அங்கே வந்து சேர்ந்தார். சக் ஜோன்ஸ், பாப் கிளாம்பெட் எல்லாம் அப்போது அவருக்குக் கீழே இளைஞர்கள். டிஸ்னி, வரைந்த உருவத்தை உண்மையான உயிர் என்று நம்பவைக்கப் பாடுபட்டார். ஏவரியோ, இது வரைந்த உருவம்தானே, இதனால் முடியாதது என்ன இருக்கிறது என்று கேட்டார். அவர் படத்தில் பாத்திரங்கள் பார்வையாளர்களிடம் நேராகப் பேசும், ஃபிலிமின் ஓரத்தைத் தாண்டி ஓடும். 1940 ஜூலையில் அவர் இயக்கிய ‘எ வைல்டு ஹேர்’ படத்தில், துப்பாக்கியோடு வந்த வேட்டைக்காரனைப் பார்த்து ஒரு முயல் பதறாமல் கேரட்டைக் கடித்துக்கொண்டு, என்ன சமாச்சாரம் டாக்டர் என்று கேட்டது. பயப்பட வேண்டிய இடத்தில் சாவகாசமாக விசாரிப்பதுதான் பக்ஸ் பன்னி. அது தியேட்டரில் உட்கார்ந்திருந்த பெரியவர்களுக்கான நகைச்சுவை. மந்தநிலையையும் உத்தியோகப் பயத்தையும் பார்த்தவர்கள் அவர்கள்.

அந்தப் படங்களுக்கு இசை கார்ல் ஸ்டாலிங். மௌனப் பட காலத்தில் கான்சாஸ் சிட்டியில் தியேட்டர் ஆர்கன் வாசித்தவர். திரையில் நடப்பதைப் பார்த்துக்கொண்டே அந்த நொடியில் பொருத்தமான மெட்டுக்குத் தாவும் பழக்கம் அவர் விரலிலேயே இருந்தது. வார்னரிடம் பாடல் பதிப்பகங்களும் சொந்தமாக இருந்தன. அந்தப் பாட்டுகளை விற்பதற்காகவே ‘மெர்ரி மெலடீஸ்’ வரிசை தொடங்கியது. ஸ்டாலிங்குக்கு அது ஒரு பொக்கிஷ அறை. 1936இலிருந்து 1958 வரை, சாப்பாட்டுக் காட்சி வந்தால் சாப்பாட்டுப் பாட்டிலிருந்து நாலு சுரம், நிலா தெரிந்தால் நிலாப் பாட்டிலிருந்து ஓர் அடி என்று எடுத்து, அடுத்த நொடி வேறொன்றுக்குத் தாவினார். வாசித்தது வார்னரின் முழு ஆர்க்கெஸ்ட்ரா. பெரிய படங்களுக்கு வாசித்த அதே கைகள்.

எம்.ஜி.எம்.மில் ஸ்காட் பிராட்லி. 1940இல் வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் ஒரு பூனையையும் எலியையும் வைத்து முதல் படம் எடுத்தார்கள். அப்போது பூனைக்கு ஜாஸ்பர் என்று பெயர். டாம் அண்ட் ஜெர்ரி என்று பிறகுதான் பெயர் மாறியது. அந்த முதல் படத்தையும் சேர்த்து 1958 வரை மொத்தம் 114 படங்கள், ஏழு ஆஸ்கார். வசனம் அநேகமாக இல்லாததால் கதை சொல்லும் பாரம் முழுக்கப் பிராட்லியின் தலையில். ஐரோப்பியச் சங்கீத உலகமே அப்போது மிரண்டுகொண்டிருந்த, எந்தச் சுரத்தையும் ஆதாரமாக வைக்காமல் பன்னிரண்டையும் சமமாக நடத்தும் பன்னிரு சுர முறையை 1944இல் ஒரு நாய்க் காட்சிக்கு எடுத்துப் போட்டார். சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் அதை உறுத்தலாக உணரவேயில்லை. டாம் அடிபடும்போது கேட்கும் அந்த அலறல் ஹன்னாவுடைய சொந்தக் குரல். பார்பெரா கதையும் வரைவும், ஹன்னா கால அளவு. எந்தத் தட்டில் அடி விழ வேண்டும் என்று தீர்மானித்தவர் அவர்.

நகைச்சுவையை ஃபிரேம் கணக்கில் எண்ணியவர்களில் சக் ஜோன்ஸுக்குத் தனி இடம். 1949இல் தொடங்கிய ரோட் ரன்னர் படங்களில் ஓநாய் மலையுச்சியிலிருந்து விழும். மேலிருந்து பார்க்கிறோம். புள்ளியாகச் சிறுத்து மறைய 18 ஃபிரேம், அப்புறம் ஒன்றுமே நடக்காத 14 ஃபிரேம், அதன்பின் கீழே ஒரு சின்னத் தூசிப் புகை. இந்த அளவைத்தான் ஜோன்ஸ் சொல்லுவார். ஒரு ஃபிரேம் என்பது நொடியில் இருபத்து நாலில் ஒரு பங்கு. ஒன்றிரண்டு கூடினாலோ குறைந்தாலோ சிரிப்பு வராது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இதை முழு இருட்டில், பெரிய கூட்டத்தோடு உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொண்டார்கள்.

1957இல் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் இசை நாடகங்களை ஏழு நிமிடத்துக்குள் சுருக்கி, பக்ஸையும் வேட்டைக்காரனையும் அதில் பாட வைத்தார் ஜோன்ஸ். ஐந்து வாரத்தில் முடிய வேண்டிய படத்துக்கு ஏழு வாரம் ஆனது. மீதி நாட்களை ரோட் ரன்னர் படத்தின் கணக்கில் எழுதிச் சமாளித்தார்களாம். மேலிடம் கண்டுகொள்ளாமல் இருந்தது எவ்வளவு பெரிய கொடை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அந்தப் படம் 1992இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

இதுவரை சொன்ன பெயர்கள் எல்லாம் ஆண்கள் பெயர். ஏழு நிமிடப் படத்தில் 10,080 ஃபிரேம். இரண்டு ஃபிரேமுக்கு ஒரு படம் என்று சிக்கனமாக வைத்தாலும் ஆயிரக்கணக்கான செல்லுலாய்டு தாள்கள். பென்சில் கோட்டை அந்தத் தாளில் மையால் இழைத்து, பின்பக்கத்தில் நிறம் பூசியவர்கள் பெரும்பாலும் பெண்கள். கோடு ஒரு மயிரிழை தடித்தால் திரையில் துடிக்கும், அவ்வளவு நுணுக்கமான வேலை. சம்பளம் குறைவு, திரையில் பெயரும் வராது. பட்டறைகளில் இருந்த இந்த ஏற்றத்தாழ்வுதான் 1937இல் ஃப்ளைஷர் ஸ்டுடியோவிலும் 1941இல் டிஸ்னியிலும் வேலைநிறுத்தமாக வெடித்தது. டிஸ்னியை விட்டு வெளியே வந்தவர்கள் சிலர் யு.பி.ஏ. என்ற ஸ்டுடியோவைத் தொடங்கினார்கள். அவர்களுக்கு டிஸ்னியின் உருண்டு திரண்ட வடிவமே அலுத்திருந்தது. தட்டையான நிறம், நவீன ஓவியம்போல ஒற்றைக் கோடு, தேவையான அளவுக்கு மட்டும் அசைவு. வாயைத் திறந்தால் சொற்களுக்குப் பதில் சத்தங்கள் மட்டும் வரும் ஒரு சிறுவனைப் பற்றி 1950இல் அவர்கள் எடுத்த படம் ஆஸ்கார் வாங்கியது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. இந்தப் படங்களில் கறுப்பின மக்களையும் ஆசிய மக்களையும் கேவலமாக வரைந்த காட்சிகள் நிறைய. போர்க் காலத்தில் ஜப்பானியர்களை வரைந்த விதம் இன்னும் மோசம். அந்தக் கூட்டம் சிரித்தது என்பதும் வரலாறு. 1968இல் வார்னரின் பதினொரு படங்களை டிவி விநியோகத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள், ஏனென்றால் அவற்றில் சில இடங்களை வெட்டிச் சரிசெய்ய வழியில்லை, படமே அந்தக் கேலியால் ஆனது. நான் வியக்கும் அதே கைகள் வரைந்தவைதான் அவையும்.

சரி, இது எப்படி முடிந்தது? 1948 மே 3இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பாரமவுண்ட் வழக்கில் தீர்ப்பளித்தது. கட்டுக் கட்டாக விற்பதை நிறுத்த வேண்டும், தியேட்டர்களைக் கைவிட வேண்டும். சுதந்திரமான தியேட்டர்காரர்களுக்கும் தனித் தயாரிப்பாளர்களுக்கும் அது நியாயமான தீர்ப்பு. ஆனால் கார்ட்டூனைத் தாங்கிக்கொண்டிருந்த கயிறும் அந்தக் கட்டு விற்பனைதான். இனி அதைத் தனியாக விற்க வேண்டும். வேண்டாம் என்று தியேட்டர்காரர் சொல்லலாம், சொன்னார்கள். வாடகையும் உயரவில்லை. ஓவியர் சம்பளம், வண்ணப் பிரதி, ஆர்க்கெஸ்ட்ரா எல்லாம் ஏறிக்கொண்டே போயின. கூடவே டிவி வந்து தியேட்டர் கூட்டத்தையே கரைத்தது.

ஸ்டுடியோ கணக்காளர்கள் இன்னொன்றும் கண்டுபிடித்தார்கள். பழைய கார்ட்டூனையே மறுபடி வெளியிட்டால் புதுசுக்கு வரும் வருமானத்தில் பெரும்பங்கு வந்துவிடுகிறது, செலவோ பிரதி எடுக்கும் காசு மட்டும். எம்.ஜி.எம். 1957இல் கார்ட்டூன் பிரிவை மூடியது. ஹன்னாவும் பார்பெராவும் டிவிக்குப் போனார்கள். யு.பி.ஏ. அழகுக்காகத் தேர்ந்தெடுத்த குறைந்த அசைவு, அங்கே சிக்கனத்துக்கான வழியாகிவிட்டது: தலை மட்டும் ஆடும், வாய் மட்டும் அசையும், பின்னணி திரும்பத் திரும்ப ஓடும். வார்னரின் பட்டறை 1963இல் மூடப்பட்டது. டாம் அண்ட் ஜெர்ரியை மட்டும் பிராகில் ஒரு குழு பதின்மூன்று படங்களாகவும், பிறகு ஜோன்ஸ் முப்பத்து நாலு படங்களாகவும் எடுத்துப் பார்த்தார்கள். வால்டர் லான்ட்ஸ் 1972 வரை தாக்குப்பிடித்தார்.

1956 வாக்கில் பழைய கார்ட்டூன்களை மொத்தமாக டிவி விநியோகஸ்தர்களுக்கு விற்கத் தொடங்கினார்கள். பாப்பாயும் வார்னரின் பழைய வண்ணப் படங்களும் அப்படிப் போனவை. பள்ளி விட்டு வரும் நேரத்திலும் சனிக்கிழமைக் காலையிலும் அவை ஓடின. கார்ட்டூன் பிள்ளைகளுக்கானது என்ற எண்ணம் அங்கேதான் வேரூன்றியது. நமக்கும் அவை அந்த வடிவத்தில்தான் வந்து சேர்ந்தன. டாம் அண்ட் ஜெர்ரிக்கு மட்டும் மொழி தடையாக இல்லை. பிராட்லியின் இசை தமிழ் வீட்டுக் கூடத்திலும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

மறுவெளியீடு இன்னொரு சேதமும் செய்தது. வார்னர் 1943 முதல் தன் பழைய கார்ட்டூன்களை நீல ரிப்பன் முத்திரையோடு திரும்ப வெளியிட்டபோது, தொடக்கத்தில் இருந்த பெயர் அட்டைகளை எடுத்துவிட்டு ஒரே மாதிரிப் புது அட்டையை ஒட்டினார்கள். பல படங்களில் மூல நெகட்டிவிலேயே அந்த இடத்தை வெட்டிவிட்டார்கள். இயக்கியவர், கதை எழுதியவர், வரைந்தவர், இசையமைத்தவர் பெயர்கள் எல்லாம் அதோடு போயின. ‘எ வைல்டு ஹேர்’ படம்கூட 1944இல் தலைப்பில் ஒரு சொல் மாறி அப்படித்தான் மறுபடி வந்தது. ஒரு வசனத்தில் வந்த நடிகை கரோல் லொம்பார்டு அதற்குள் விமான விபத்தில் இறந்துபோயிருந்ததால், அந்த இடத்தில் வேறொரு நடிகையின் பெயரைப் பதிவு செய்து ஒட்டினார்கள். 1968இல் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைக் கொரியாவுக்கு அனுப்பிக் கையால் பிரதி வரைந்து நிறம் பூச வைத்தபோது, 18, 14 என்று ஃபிரேம் எண்ணும் வேலையெல்லாம் அடிபட்டுப்போனது. அசைவுக்கான ஓவியங்களில் பாதியை விட்டுவிட்டு வரைந்ததால் அசைவு தத்தித் தத்திப் போகிறது.

இப்போது ஆவணக் காப்பகங்களிலும் தனியார் சேகரிப்புகளிலும் சிலர் பழைய பிரதிகளைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். வெட்டப்படாத ஒரு பிரதி எங்காவது அகப்பட்டால் அவர்கள் முதலில் பார்ப்பது படத்தை அல்ல, அதன் முதல் இருபது நொடியை. பெயர்கள் அங்கேதான் இருக்கும்.